இரண்டு போளூர்: பெரியப்பாவின் வன்தட்டுகளைக் கணக்கெடுத்த அனுபவம்

“பாப்பா, இடமே இல்லை என்கிறது. நான் புதிதாக ஒன்றும் போடவில்லையே” என்று பெரியப்பா தொலைபேசியில் சொன்னது சித்திரை மாதத்தில் ஒரு பகல். வேலூர் வெயிலுக்கு அவருடைய மாடியறையில் வன்தட்டைத் தொட்டாலே சுடும். “இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள், பொழுது சாய்ந்ததும் வருகிறேன்” என்றேன். சத்துவாச்சாரியிலிருந்து கொசப்பேட்டைக்கு எவ்வளவு தூரம், எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பதினொரு இரவுகள் ஆயின.

பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடங்களுக்கு மேலாக, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒரு துணிப்பையும் கேமராவுமாகப் பஸ் ஏறிவிடுவார். பழைய வட ஆர்க்காடு மாவட்டம்தான் அவருடைய எல்லை. மேல்பாடியில் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையில் குடைந்த கோயில், வள்ளிமலைச் சமணச் சிற்பங்கள், போளூர்ப் பக்கத்துத் திருமலை, இவை போக வயல் வரப்புகளில் சாய்ந்து நிற்கும் நடுகற்கள். எடுத்த படத்துக்குத் தமிழிலேயே நீளமாகப் பெயர் வைப்பார். அதே விவரத்தை நாட்குறிப்பிலும் எழுதுவார். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. ஆனால் சில கற்கள் இன்று அவருடைய படத்தில் மட்டும்தான் நிற்கின்றன.

அந்தப் படங்கள் இருந்த இடங்கள் மூன்று. ஒன்று, மிகப் பழைய 500 ஜிபி வன்தட்டு; கோப்பு முறைமை, அதாவது தட்டில் கோப்புகளை அடுக்கும் ஒழுங்கு, ஃபேட்32. இரண்டாவது, 1 டிபி வன்தட்டு, என்டிஎஃப்எஸ். 2017இல் அவருடைய மடிக்கணினி படுத்துவிட்டபோது, பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைப் போட்டு, பழைய தட்டில் இருந்ததையெல்லாம் நான்தான் இதற்கு நகலெடுத்துக் கொடுத்தேன். பிறகு பொங்கலுக்கு வரும்போதெல்லாம் அண்ணன் தன் விண்டோஸ் கணினியில் இதைச் செருகி ஒழுங்குபடுத்துவார். மூன்றாவது, பெங்களூரில் அக்காவின் பழைய மேக் கணினியில் இருந்த ஒரு பகுதி. அதை அக்கா ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியாக என் வீட்டு லினக்ஸ் கணினிக்கு அனுப்பிவிட்டார்.

“ஒரே படம் நாலு இடத்தில் கிடக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடேன்” என்றார் பெரியப்பா.

“எது ஒன்று, எது மற்றது என்று கணக்கெடுக்காமல் கைவைக்க மாட்டேன் பெரியப்பா” என்றேன். அந்த ஒரு வார்த்தையில் உறுதியாக நின்றது எவ்வளவு நல்லது என்பது எட்டாம் இரவில்தான் தெரிந்தது.

நகல் கோப்புகளைத் தேடித் தரும் ஆயத்த மென்பொருள்கள் உண்டு. அவை முடிவைச் சொல்லும், எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைச் சொல்லாது. இருபது வருட உழைப்பை அப்படி ஒன்றிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வரும் நூலகத்தில் வேண்டியது எல்லாம் இருக்கிறது. கோப்புறைக்குள் நடக்க ஓஎஸ், தட்டின் கொள்ளளவு கேட்க ஷட்டில், பெயர்களைச் சீராக்க யூனிகோட்டேட்டா, உள்ளடக்கத்தின் கைரேகையை எடுக்க ஹாஷ்லிப், எல்லாவற்றையும் எழுதி வைக்க எஸ்க்யூலைட். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

முதலில் ஒரு சொல் ஸ்டாட் பற்றி. கோப்பின் பாதையைக் கொடுத்து ஓஎஸ் தொகுதியின் ஸ்டாட்டை அழைத்தால், கோப்பைத் திறக்காமலே அதன் அளவு, நேரங்கள், உரிமையாளர், ஐநோட் எண் (தட்டில் அந்தக் கோப்புக்கு உரிய அடையாள எண்), எத்தனை பெயர்கள் அதைச் சுட்டுகின்றன என்பன எல்லாம் வந்துவிடும். நான் இதைப் பட்டா என்று நினைத்துக்கொள்வேன். பட்டாவில் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், பெயர் இருக்கும். நிலத்தில் கிணறு வற்றிவிட்டதா, பாதி நிலத்தை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். ஸ்டாட்டும் அப்படித்தான்.

முதல் இரவு இரண்டு தட்டுகளையும் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் இணைத்துக்கொண்டேன். இது சடங்கல்ல. சாதாரணமாக இணைத்தால், பார்க்கத் திறப்பதேகூட ஏதாவது ஒரு நேரக் குறிப்பை மாற்றிவிடக் கூடும். சாட்சியைக் கலைக்காமல் விசாரிக்க வேண்டும்.

இடப் பிரச்சினையை முதலில் எடுத்தேன். ஷட்டில் தொகுதியின் டிஸ்க்யூசேஜ் மூன்று எண்களைத் தருகிறது: மொத்தம், பயன்பட்டது, மிச்சம். 1 டிபி தட்டின் மொத்தம் 931 ஜிபி என்று வந்ததும் பெரியப்பா முகம் சுருங்கியது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா என்றார். இல்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டிபி என்கிறார், கணினி 1,024ஆல் வகுத்துக்கொண்டு போய் அதே பைட்டுகளை 931 என்று காட்டுகிறது. ஒரு பைட்டும் குறையவில்லை என்று தாளில் போட்டுக் காட்டினேன்.

பயன்பட்டது 924 ஜிபி. ஆனால் விண்டோஸில் எல்லாக் கோப்புறைகளையும் தேர்ந்து பண்புகளைப் பார்த்தால் 702தான் காட்டுகிறது என்றார் பெரியப்பா. அவர் சொன்னது சரி. 222 ஜிபி எங்கே போயிற்று?

ஸ்கேன்டிர் என்ற அழைப்பை வைத்து வேரிலிருந்து ஒவ்வொரு கோப்புறையாக இறங்கினேன். பைத்தான் 3.5இல் வந்தது இது. அதற்கு முன்பு பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் இது கோப்பா கோப்புறையா என்று தனித்தனியே கேட்க வேண்டியிருந்தது. ஸ்கேன்டிர் பட்டியலோடு அந்தப் பதிலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. மெதுவான பழைய யூஎஸ்பி தட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு மேல்நிலைக் கோப்புறைக்கும் கூட்டுத்தொகை போட்டதில், டாலர் குறியோடு தொடங்கும் ரீசைக்கிள் பின் என்ற கோப்புறையில் மட்டும் 219 ஜிபி இருந்தது. மீதி 3 ஜிபி முறைமையின் சொந்தக் கணக்குகள்.

வெளி வன்தட்டில் இருப்பதை விண்டோஸில் அழித்தால், அது அதே தட்டின் குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது. அந்தக் கோப்புறை மறைந்திருக்கும். பெரியப்பாவின் கண்ணுக்குப் படாது, அவர் போட்ட கணக்கிலும் வராது. அண்ணன் ஒழுங்குபடுத்தியபோது அழித்தவை எல்லாம் அங்கே அப்படியே இருந்தன. “அப்படியென்றால் அதைக் காலி செய்துவிடலாமே” என்று பெரியம்மாவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் தொடவில்லை.

அந்தக் குப்பைத்தொட்டியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், அவ்வளவு ஒழுங்கானது. ஒரு கோப்புறையை அழித்தால், அது டாலரும் ஆர் எழுத்தும் சேர்ந்து தொடங்கும் ஒரு குறிப்பெயரைப் பெறுகிறது. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் மாறுவதில்லை. கூடவே டாலரும் ஐ எழுத்துமாகத் தொடங்கும் இன்னொரு சிறு கோப்பு பிறக்கிறது. அதன் முதல் 8 பைட்டில் பதிப்பு எண், அடுத்த 8 பைட்டில் அளவு, அடுத்த 8 பைட்டில் அழித்த நேரம், பிறகு பழைய முழுப் பாதை. நேரம் 1601 ஜனவரி 1இலிருந்து எண்ணப்படும், ஒரு விநாடியைக் கோடியாக வகுத்த அலகுகளில். லினக்ஸ் எண்ணத் தொடங்குவது 1970 ஜனவரி 1இலிருந்து. இரண்டுக்கும் இடையிலான 1,164,44,73,600 விநாடிகளைக் கழித்து, எது எங்கிருந்து எந்த நாளில் அழிக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் எடுத்தேன். பெரும்பாலானவை 2021 ஜனவரி. பொங்கல் விடுமுறை.

மூன்றாம் இரவு மூன்று இடங்களையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தேன். முதல் ஒப்பீடு பெயரையும் அளவையும் வைத்து. அக்கா அனுப்பிய பகுதியில் ‘போளூர்’ என்ற கோப்புறை இருக்கிறது. பெரியப்பாவின் தட்டிலும் ‘போளூர்’ இருக்கிறது. திரையில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசமில்லை. ஆனால் நிரல் இரண்டும் வேறு என்றது.

கண்ணை நம்புவதா நிரலை நம்புவதா என்று யோசிக்காமல், பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்களாக அச்சிட்டேன். பெரியப்பாவின் போளூரில் ஆறு குறிகள்: ப, ஓகாரக் குறி, ள, ஊகாரக் குறி, ர, புள்ளி. அக்காவின் போளூரில் ஏழு. ஓகாரக் குறி அங்கே இரண்டாக உடைந்து, முன்னால் ஓர் இரட்டைக் கொம்பும் பின்னால் ஒரு காலுமாக நின்றது. பைட் கணக்கில் ஒன்று 18, மற்றொன்று 21.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டும் சரியான வடிவங்களே. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் ஒவ்வொன்றையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரு துண்டாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை, கோப்புப் பெயர்களை எப்போதும் துண்டாக்கியே சேமிக்கும். விண்டோஸும் லினக்ஸும் கொடுத்த பெயரைக் கொடுத்தபடி வைத்துக்கொள்கின்றன. ஆர்சிங்க் துண்டான பெயரை அப்படியே கொண்டுவந்துவிட்டது. அதனால் போளூர், சோளிங்கர், தோட்டப்பாளையம், கொணவட்டம், தொரப்பாடி என்று ஒகரமோ ஓகாரமோ உள்ள ஊர்கள் எல்லாம் இரண்டிரண்டாக நின்றன. வள்ளிமலை ஒன்றாகவும் தக்கோலம் இரண்டாகவும் வந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

தீர்வு ஒரே வரிதான். யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸ் அழைப்பில் என்எஃப்சி என்று கேட்டால் துண்டுகளைச் சேர்த்துக் கொடுக்கும். ஒப்பீட்டுக்கு இந்தச் சேர்ந்த வடிவம். கோப்பைத் திறக்க மட்டும் தட்டில் உள்ளபடியே இருக்கும் மூலப் பெயர். இரண்டையும் அட்டவணையின் இரண்டு பத்திகளில் வைத்தேன். தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எவரும் தங்கள் நிரலில் இந்த ஒரு வரியை மறக்கவே கூடாது என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

என்எஃப்சி தீர்த்துவைக்காத சிக்கலும் உண்டு. கோயில் பெயர்களில் வரும் ‘ஸ்ரீ’யை வழக்கமான ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், யூனிகோடுக்கு இரண்டும் வேறு. ‘பௌர்ணமி’யின் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டச்சு செய்வதும் அப்படியே. இவற்றுக்குக் கையால் ஒரு மாற்றுப் பட்டியல் எழுதினேன். மிகப் பழைய சில குறுந்தட்டுக் கோப்புகளின் பெயர்கள் யூனிகோடே அல்லாத எழுத்துரு முறையில் இருந்தன. அவற்றைப் பைத்தான் விழாமல் வாசிக்கிறது, ஆனால் அச்சிடப் போனால் பிழை தருகிறது. அதனால் எல்லாப் பாதைகளையும் ஓஎஸ் தொகுதியின் எஃப்எஸ்என்கோட் வழியாகப் பைட்டுகளாக மாற்றியே அட்டவணையில் வைத்தேன்.

ஐந்தாம் இரவு ஒரு திகைப்பு. முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் 1,140 கோப்புகளைக் காணவில்லை, 1,140 புதிதாக வந்திருக்கின்றன. ஐநோட் எண்களைப் பார்த்தேன். எல்லாம் அதே எண்கள். அதே தட்டுக்குள் கோப்பை இடம் மாற்றினால் பெயர்ப் பதிவுதான் மாறும், ஐநோட் மாறாது. நகலெடுத்தால்தான் புது எண் பிறக்கும்.

“பகலில் எதையாவது நகர்த்தினீர்களா பெரியப்பா?”

“ஆமாம் பாப்பா. சோளிங்கரை வேலூரிலிருந்து எடுத்து ராணிப்பேட்டையில் வைத்தேன். 2019லேயே மாவட்டம் பிரித்துவிட்டார்களே, நான் இன்னும் மாற்றாமல் வைத்திருந்தேன்.”

அதுதான் நடந்தது. 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தபோது போளூர் திருவண்ணாமலையோடு போனது, 2019இல் வேலூர் மூன்றானபோது சோளிங்கர் ராணிப்பேட்டைக்குப் போனது. ஊர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, முகவரி மட்டும் மாறுகிறது. ஐநோட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. கணக்கு முடியும்வரை தட்டைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பெரியம்மா அன்று இலவம்பாடி முள்கத்தரிக்காயில் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் மீதி வேலை.

அடுத்து நேரம். இங்கேதான் நான் மூன்று இரவுகளைச் செலவிட்டேன், அத்தனைக்கும் தகுதியான இடம் இது.

ஸ்டாட் தரும் நேரங்களில் மூன்று முக்கியம். ஏடைம் கடைசியாக வாசித்த நேரம். எம்டைம் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். சிடைம் என்பதைப் பலர் உருவான நேரம் என்று படித்துவிடுகிறார்கள். லினக்ஸில் அது உருவான நேரம் அல்ல. பெயரோ உரிமையோ உள்ளடக்கமோ, கோப்பின் விவரப் பதிவில் எது மாறினாலும் மாறும் நேரம் அது. அதே பெயரில் விண்டோஸில் பைத்தான் நெடுநாள் உருவான நேரத்தைத் தந்துவந்தது. குழப்பம் போதும் என்றுதான் 3.12 பதிப்பிலிருந்து விண்டோஸில் பர்த்டைம் என்ற தனிப் பெயரைக் கொடுத்து, பழைய பயன்பாட்டைக் கைவிடச் சொல்கிறார்கள். படம் எப்போது எடுத்தது என்று கேட்க சிடைமிடம் போகாதீர்கள். எம்டைமிடம் போகலாம், அதுவும் நகலெடுத்தவர் நேரத்தைக் காப்பாற்றியிருந்தால்தான். ஷட்டிலில் காப்பி என்று அழைத்தால் நேரம் போய்விடும், காப்பி2 என்று அழைத்தால் நேரமும் கூடவே வரும். ஓர் எண் வித்தியாசம்.

நான் 2017இல் நேரத்தைக் காப்பாற்றித்தான் நகலெடுத்திருந்தேன். ஆனாலும் பழைய தட்டிலும் புதிய தட்டிலும் ஒரே படத்தின் எம்டைம் ஒத்துவரவில்லை. கழித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே விடை: 19,800 விநாடி. ஐந்தரை மணி நேரம். இந்திய நேரத்துக்கும் கிரீன்விச்சுக்கும் இடையிலுள்ள அதே ஐந்தரை.

காரணம் நானேதான். ஃபேட்32 முறைமை சுவர்க் கடிகாரத்தில் இருப்பதை அப்படியே எழுதும், எந்த ஊர்க் கடிகாரம் என்பதை எழுதாது. 2017இல் நான் ஓட்டிய பென் டிரைவ் லினக்ஸில் இந்திய நேரத்தை அமைக்கவில்லை. அது உலகப் பொது நேரத்தில் இருந்தது. காலை 10.40 என்று பழைய தட்டில் இருந்ததை அது கிரீன்விச் 10.40 என்று எடுத்துக்கொண்டு என்டிஎஃப்எஸ் தட்டில் எழுதிவிட்டது. இன்று இந்திய நேரத்தில் பார்த்தால் அது மாலை 4.10 ஆகிவிடுகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் நேரத்தை நான் தெரியாமல் மாற்றிவைத்திருந்தேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

ஆறுதல் என்னவென்றால் தவறு ஒரே சீராக இருந்தது. இன்னொரு தடயமும் கிடைத்தது. ஃபேட் முறைமையில் எம்டைம் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் நகரும், அதனால் விநாடி எப்போதும் இரட்டைப்படை. புதிய தட்டில் விநாடி இரட்டைப்படையாகவும் பின்னமே இல்லாமலும் கூட்டம் கூட்டமாக நின்ற கோப்புகள் பழைய தட்டின் வழியாக வந்தவை. இதைப் பார்க்க எஸ்டி எம்டைம் என்எஸ் என்ற முழு எண் வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும்; தசம வடிவத்தில் கடைசி இலக்கங்கள் நம்பகமானவை அல்ல. அந்தக் கூட்டத்துக்கு மட்டும் 19,800 கழித்து, திருத்திய நேரம் என்று தனிப் பத்தியில் வைத்தேன். பக்கத்தில் ‘ஆதாரம்’ என்று ஒரு பத்தி. படத்துக்குள் கேமரா எழுதிய எக்சிஃப் தேதி இருந்தால் ஆதாரம் எக்சிஃப், இல்லையென்றால் எம்டைம், இரண்டும் பொருந்தாவிட்டால் பெரியப்பாவின் நாட்குறிப்பு.

எக்சிஃப் எல்லாப் படத்திலும் இல்லை. நடுகல்லைப் படமெடுக்கக் கேமராவை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அப்படி எடுத்தவற்றைப் பெரியப்பா அந்தக் காலத்தில் ஏதோ ஒரு மென்பொருளில் திருப்பிச் சேமித்திருக்கிறார். அது கோப்பின் தேதியைக் காப்பாற்றியது, உள்ளே இருந்த எக்சிஃபை உதிர்த்துவிட்டது. ஆகவே அகலப் படங்களில் எக்சிஃப் இருக்கிறது, நெடும் படங்களில் இல்லை. நடுகற்கள் எல்லாமே நெடும் படங்கள்.

எட்டாம் இரவுக்கு முன்பே பெயர் சீராகிவிட்டது, அளவு பொருந்தியது, ஐந்தரை மணியைக் கழித்தால் நேரமும் பொருந்தியது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், குப்பைத்தொட்டியில் இருந்த ஒவ்வொரு கோப்புக்கும் பழைய தட்டிலோ என் கணினியிலோ ஒரு பிரதி இருந்தது. காலி செய்துவிடலாம் என்று அட்டவணை சொன்னது.

ஆனால் மூன்றும் பட்டாவில் உள்ளவை. நிலத்தைப் பார்க்கவில்லை. ஒரே அளவுள்ள கோப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் முழுக்க வாசித்து எஸ்எச்ஏ-256 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் எண்) எடுக்கும்படி நிரலை ஓடவிட்டேன். பைத்தான் 3.11இலிருந்து ஹாஷ்லிப்பில் ஃபைல்டைஜஸ்ட் என்றே ஓர் அழைப்பு இருக்கிறது. பெரிய கோப்பையும் துண்டு துண்டாக வாசித்துக்கொள்ளும். பிழை வந்தால் நின்றுவிடாமல் பிழை எண்ணோடு எழுதிவிட்டு மேலே போகும்படி வைத்திருந்தேன். இரவு ஒன்பதுக்கு மேல் வெப்பம் தணிந்த பிறகு தொடங்கினேன். விடியும்போது பழைய தட்டுக்கு எதிரே 211 வரிகளில் பிழை எண் 5 என்று இருந்தது. உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஸ்டாட் கேட்டால் தயங்காமல் பதில் வருகிறது, உள்ளே ஒன்றும் வாசிக்க முடியவில்லை. தட்டின் அந்தப் பகுதி கெட்டுவிட்டது.

உடனே நிறுத்தினேன். கெட்டுவரும் தட்டில் கோப்பு கோப்பாக முட்டிக்கொண்டிருந்தால் மீதியும் போய்விடும். கெட்ட தட்டிலிருந்து மீட்டெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலைக் கொண்டு முழுத் தட்டையும் ஒரே பிம்பமாக எடுத்ததில் 27 கோப்புகள் மீண்டன. மீதி 184க்கு வாசிக்கக்கூடிய ஒரே பிரதி, 1 டிபி தட்டின் குப்பைத்தொட்டியில் இருந்ததுதான். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் எடுத்த நடுகற்கள். பொங்கலன்று அண்ணன், பழைய தட்டில்தான் இருக்கிறதே என்று நம்பி அழித்த கோப்புறை. அவரைக் குறை சொல்ல வழியில்லை. பெயரைப் பார்த்தால் நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

முதல் இரவே காலி செய்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

அந்த 184ஐயும் என் கணினிக்கு எடுத்தபோது இன்னொரு முட்டுக்கட்டை. அதற்கான நல்ல உதாரணம் வேறொரு கோப்புறையில் கிடைத்ததால் அதையே சொல்கிறேன். பெரியப்பா வைத்த பெயர் இது: ‘மேல்பாடி சோழேச்சரம் வடக்குச் சுவர் கீழ்ப்பட்டி கல்வெட்டு மூன்றாம் வரி முதல் ஆறாம் வரி வரை காலை வெயிலில் எடுத்தது’. நகலெடுக்கும்போது பிழை எண் 36, பெயர் மிக நீளம். விண்டோஸில் இருந்த பெயர் லினக்ஸில் ஏன் நீளமாயிற்று? எண்ணிப் பார்த்தேன். 98 தமிழ்க் குறிகள், 14 இடைவெளிகள், புள்ளியோடு பின்னொட்டு 4, மொத்தம் 116. என்டிஎஃப்எஸ் 255 குறிகள்வரை ஏற்கும், இடம் தாராளம். என் லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையும் 255தான், ஆனால் அது பைட் கணக்கு. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 98ஐ மூன்றால் பெருக்கி மற்றதைக் கூட்டினால் 312. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்கள் இந்தச் சுவரில் எளிதில் முட்டுவதில்லை. தமிழில் 85 குறிகளிலேயே சுவர் வந்துவிடுகிறது.

பெயரை வெட்ட எனக்கு உரிமையில்லை. அந்தப் பெயரில் அவருடைய அரை நாள் இருக்கிறது. ஆகவே முழுப் பெயரை அட்டவணையில் வைத்து, கோப்புக்கு ஊர்ப் பெயரும் நாளும் வரிசை எண்ணும் மட்டும் கொடுத்தேன். பெரியப்பா ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே எழுதினேன். எழுதிய ஒவ்வொன்றையும் மறுபடி வாசித்துக் கைரேகை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். அதன் பிறகு இரண்டு புதிய தட்டுகளில் ஒரே மாதிரி எழுதி, ஒன்று கொசப்பேட்டையில், ஒன்று என் வீட்டில்.

பதினொன்றாம் இரவு மிச்சமிருந்தது ஒரே கேள்வி. 184இல் ஒரு நடுகல். வாளும் கேடயமுமாக நிற்கும் வீரன், தலைக்கு மேலே வட்டெழுத்து. குப்பைத்தொட்டியில் இருந்த பிரதியின் நேரம் மாலை 4.10. பழைய தட்டில், வாசிக்க முடியாத அதே பெயருக்கு எதிரே காலை 10.40. எக்சிஃப் இல்லை. நாட்குறிப்பில் நாள் இருக்கிறது, மணி இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது கல் அங்கிருந்து போய்விட்டது, திரும்பப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஐந்தரை மணி கணக்கை வைத்து 10.40 என்று நான் எழுதியிருக்கலாம். ஆனாலும் அவரைக் கேட்காமல் எழுத மனமில்லை. படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிக் காட்டினேன்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது கிழக்குப் பார்த்த கல் பாப்பா. ஏரிக்கரை அதற்குப் பின்னால் இருந்தது. முகத்தில் வெயில் விழுந்திருக்கிறது பார், எழுத்தெல்லாம் எடுப்பாகத் தெரிகிறது. மாலையில் இந்தக் கல்லுக்கு நிழல்தான்.”

நேரப் பத்தியில் காலை 10.40 என்று எழுதினேன். ஆதாரப் பத்தியில் அதுவரை மூன்று சொற்கள்தான் வந்திருந்தன: எக்சிஃப், எம்டைம், நாட்குறிப்பு. இந்த வரிக்கு மட்டும் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். வெயில்.